பழையனூர் நீலி: அச்சத் தோற்றமும் எதிர்நாயகியும்

பழையனூர் நீலி, தொண்டைநாட்டுத் தொன்மக் கதைகளில் வரும் பேய்ப்பெண். கணவனால் கொல்லப்பட்டு, மறுபிறவியில் பேயாகி அவனைப் பழிவாங்கியவள். அந்தப் பழிவாங்கலில் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்திராத எழுபது வேளாளர்கள் சொன்ன சொல்லைக் காக்கத் தீப்பாய்ந்து இறந்தனர் என்கிறது கதை. நீலியின் பெயர் சைவத் திருமுறை மரபு, சமண காவியமான நீலகேசி, தென்தமிழகத்து வில்லுப்பாட்டு, அண்மைக்காலத் திரைப்படம் என ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வருகிறது. 'நீலிக்கண்ணீர்' என்ற அன்றாடச் சொல்லும் இவளிடமிருந்து வந்தது.

அச்சமூட்டும் தோற்றம் கொண்ட ஒரு கதைமாந்தரை வாசகர் பின்தொடரும் மையப் பாத்திரமாக ஆக்குவது இன்றைய மிகுபுனைவுத் தொடர்களில் அடிக்கடி கையாளப்படும் முறை. தமிழில் இம்முறையின் மிகப் பழைய, மிகச் சிக்கலான முன்மாதிரி நீலி. அவளுடைய கதை எவ்வாறு கட்டப்பட்டது, பின்வந்தவர்கள் அதில் எதை மாற்றினர், மாற்றியதால் எதை இழந்தனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடம்

பழையனூர், திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள சிற்றூர். மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. மேற்குப் பகுதியில், சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில்பாதையில் திருவாலங்காடு உள்ளது. தேவாரத்தில் இரண்டு ஊர்ப்பெயர்களும் சேர்ந்தே 'பழையனூர் ஆலங்காடு' என்று வழங்குகின்றன.

ஆலங்காடு சிவனின் ஐந்து சபைகளுள் ரத்தின சபை. அச்சமூட்டும் பெண்ணுருவங்கள் மூன்று இவ்வூரோடு பிணைந்திருக்கின்றன. முதலாவது காளி. அவள் சிவனோடு நடனப் போட்டியிட்டு, அவர் காலை உயர்த்தி ஆடியபோது அதைச் செய்ய இயலாமல் தோற்றாள் என்பது தலபுராணம். இரண்டாவது காரைக்கால் அம்மையார். தசை உதிர்ந்த பேயுருவை வேண்டிப் பெற்று, ஆலங்காட்டில் ஆடும் இறைவனின் காலடியில் அமர்ந்தவர். அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இவ்வூர்ச் சுடுகாட்டையும் அங்கு உலவும் பேய்களையும் நேர்ப்பார்வையில் காட்டுகின்றன. மூன்றாவது நீலி.

மூவரில் காளி அடக்கப்பட்டு, பின்னர் வணங்கப்படும் தெய்வமானாள். சிவனை வணங்குவதற்கு முன் காளியை வணங்கும் வழக்கம் இவ்வூரில் உண்டு. அம்மையார் அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரானார். நீலி வழிபாட்டுக்கு உரியவளாக ஆகவில்லை. ஊர் அவளை மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. பழையனூரில் இன்றும் தீப்பாய்ந்த வேளாளர்களுக்கு நினைவிடம் உள்ளது.

கதை

கதையின் விவரங்கள் வடிவத்துக்கு வடிவம் மாறுகின்றன. பரவலாக அறியப்பட்ட வடிவம் இது.

காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசிக்குச் செல்கிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து, அங்கே இன்னொரு பெண்ணை மணக்கிறான். அவளையும் அவள் அண்ணனையும் அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில், ஊர் நெருங்க நெருங்க அச்சம் கொள்கிறான். ஆலங்காட்டை அடுத்த காட்டில் அண்ணனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, புதுமனைவியைக் கொன்று நகைகளோடு ஓடிவிடுகிறான். தங்கையின் உடலைக் கண்ட அண்ணனும் உயிரை விடுகிறான்.

அண்ணனும் தங்கையும் பழையனூர் வேளாளர் ஒருவர் வீட்டில் நீலன், நீலி என்ற இரட்டைக் குழந்தைகளாகப் பிறக்கின்றனர். பகலில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள், இரவில் பேயாக எழுந்து ஊர் மாடுகளைத் தின்கின்றன. உண்மை தெரிந்ததும் ஊரார் அவர்களைக் காட்டில் விட்டுவிடுகின்றனர். நீலன் அழிகிறான். சில வடிவங்களில் அவன் அழிவுக்கு ஊர் வேளாளர்களே காரணம். நீலி தனித்து நிற்கிறாள்.

கொன்றவன் தரிசனன் செட்டி என்ற வணிகனாகப் பிறக்கிறான். பேய் அண்டாதபடி காக்கும் மந்திரக் கத்தி ஒன்று எப்போதும் அவனிடம் இருக்கிறது. வணிகத்துக்காக அவன் பழையனூர் வரும்போது நீலி அவனை அடையாளம் காண்கிறாள். அழகிய பெண்ணாக உருமாறி, கள்ளிக் கொம்பொன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். கணவன் தன்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச்சபையான எழுபது வேளாளர்களிடம் அழுது முறையிடுகிறாள்.

செட்டி, இவள் பேய், என் மனைவி அல்ல என்கிறான். கள்ளிக் குழந்தை 'அப்பா' என்று அவனிடம் ஓடுகிறது. வேளாளர்கள் அவளை நம்புகின்றனர். இருவரும் அன்றிரவு ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கின்றனர். அவன் கையில் கத்தி இருக்கிறது, என்னைக் கொன்றுவிடுவான் என்று நீலி சொல்ல, கத்தியை வாங்கி வைக்கின்றனர். செட்டியிடம், உன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரையும் தருகிறோம் என்று உறுதி கூறுகின்றனர்.

இரவில் நீலி அவன் வயிற்றைக் கிழித்துக் கொல்கிறாள். காலையில் அவன் தாயின் வடிவில் வந்து மகனைக் கேட்டு நிற்கிறாள். எழுபது வேளாளர்களும் தீ வளர்த்து அதில் இறங்குகின்றனர். வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவர் செய்தி கேட்டு ஏரின் கொழுமுனையில் உயிர்விட்டதாகச் சில வடிவங்கள் சொல்கின்றன.

எதிர்நாயகி என்னும் பாத்திரம்

'எதிர்நாயகன்' என்ற சொல்லைத் தமிழில் வில்லனுக்கும் பயன்படுத்துகின்றனர். விமர்சனத்தில் இச்சொல் கதையின் மையத்தில் நின்று, ஆனால் நாயகனுக்குரிய அறப்பண்புகள் இல்லாத பாத்திரத்தைக் குறிக்கிறது. வில்லன் தோற்க வேண்டும் என்று வாசகர் விரும்புகிறார். எதிர்நாயகன் விஷயத்தில் அவரால் அப்படி ஒரு பக்கம் சாய முடிவதில்லை.

மிகுபுனைவு எழுத்தில் இப்பாத்திரத்துக்குப் பெரும்பாலும் ஒரு புறத்தோற்றம் தரப்படுகிறது. மைக்கேல் மூர்காக் 1961-ல் அறிமுகப்படுத்திய எல்ரிக், வெளிறிய தோலும் சிவந்த கண்களும் உயிர்குடிக்கும் வாளும் கொண்ட அரசன். ஜே. கே. ரவுலிங்கின் ஹாரி பாட்டர் தொடரில் ஸ்னேப், எண்ணெய் படிந்த தலைமுடியும் கறுப்பு அங்கியுமாக முதல் நூலிலேயே வாசகரின் ஐயத்துக்கு ஆளாகிறார். அந்த ஐயம் 2007-ல் வெளிவந்த ஏழாம் நூலில்தான் முழுமையாக விலகுகிறது. எல்ரிக்கின் தோற்றம் அவன் உள்ளத்தின் இருளை அறிவிக்கிறது. ஸ்னேப்பின் தோற்றம் வாசகரை ஏமாற்றி, உள்ளே இருப்பது வேறு என்று இறுதியில் காட்டுகிறது.

நீலியின் கதை இந்த இரண்டு முறைகளிலிருந்தும் விலகி நிற்கிறது. அவளுடைய உண்மையான உருவம் அச்சமூட்டுவது. ஆனால் அந்த உருவத்தில் அவள் யாரையும் வெல்வதில்லை. பேயாக இருக்கும்வரை செட்டியை நெருங்கக்கூட முடிவதில்லை, கத்தி தடுக்கிறது. அவளுக்கு வெற்றி தருவது எளிய தோற்றம். இடுப்பில் குழந்தையோடு அழுது நிற்கும் மனைவி, மகனைத் தேடி வரும் தாய். ஊர் எந்த உருவங்களைப் பார்த்தால் இரங்கும் என்பதை அறிந்து, அந்த உருவங்களையே அவள் எடுக்கிறாள்.

இதில் இன்னொரு நுட்பமும் உள்ளது. அவள் எடுத்த வேடம் முழுப் பொய் அல்ல. அவள் உண்மையிலேயே அவனால் கைவிடப்பட்ட மனைவி. ஒரு பிறவிக்கு முன் நடந்ததை இந்தப் பிறவியின் வழக்காக அவள் மன்றத்தில் வைக்கிறாள். குழந்தை பொய், தாலி பொய், ஆனால் முறையீடு உண்மை. தரிசனன் செட்டியும் பொய் சொல்லவில்லை. அவன் நினைவில் அந்தக் குற்றம் இல்லை. அவனைப் பொறுத்தவரை அவன் வழியில் சென்ற வணிகன், அவள் பேய். இருவரும் தத்தம் அளவில் உண்மை பேசும் ஒரு வழக்கைக் கதை அமைத்திருக்கிறது. நீலி வெறும் பேய்க்கதைப் பாத்திரமாக நின்றுவிடாமல் எதிர்நாயகியாக வளர்வதற்கு இந்த அமைப்பே காரணம்.

எழுபது பேர்

பழிவாங்கும் கதைகளில் கொன்றவன் இறந்ததும் கணக்கு முடிந்துவிடும். கேட்பவருக்கும் நிறைவு கிடைக்கும். பழையனூர்க் கதை அந்த நிறைவைத் தருவதில்லை. செட்டியின் மரணத்துக்குப் பிறகு எழுபது பேர் இறக்கின்றனர். அவர்கள் செய்த குற்றம் ஒரு பெண்ணின் கண்ணீரை நம்பியது.

வேளாளர்கள் இங்கே முட்டாள்களாகச் சித்தரிக்கப்படவில்லை. சான்று கேட்கின்றனர், குழந்தையைக் கொண்டு சோதிக்கின்றனர், இரு தரப்புக்கும் பாதுகாப்புத் தர முயல்கின்றனர். ஒரு நல்ல மன்றம் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்கின்றனர். ஆனால் ஆயுதத்தைத் தவறான கையிலிருந்து வாங்குகின்றனர். அவர்கள் சிறப்பே அவர்களை அழிக்கிறது. சொல் தவறுபவர்களாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

சைவ மரபு இந்தக் கதையை வேளாளர்களின் பக்கத்திலிருந்தே நினைவில் வைத்தது. உமாபதி சிவாச்சாரியாரின் சேக்கிழார் புராணம், சேக்கிழார் பிறந்த வேளாளர் குலத்தின் பெருமையைச் சொல்லும் இடத்தில் இந்நிகழ்ச்சியைச் சேர்க்கிறது. அங்கே கதையின் மையம் வாய்மை. நீலி அந்த வாய்மையைச் சோதிக்க வந்த ஒரு காரணம் மட்டுமே.

இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்தில் இக்கதையின் தடயம் இருக்கிறது. அம்மையார் தலையால் நடந்த ஆலங்காட்டைக் காலால் மிதிக்க அஞ்சிய சம்பந்தர், அருகில் தங்கினார் என்றும், கனவில் இறைவன் தன்னைப் பாட மறந்தாயோ என்று கேட்டார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அப்போது பாடிய பதிகத்தின் முதல் பாடலில், வஞ்சனையால் உயிர்கொண்ட ஒருத்தியைப் பற்றிய செய்தியும், அதைக் கேட்டு அஞ்சும் பழையனூரும் வருகின்றன. நீலியின் பெயர் அங்கே இல்லை. அவள் ஏன் அதைச் செய்தாள் என்பதும் இல்லை. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சுவடு ஊரின் அச்சம் மட்டுமே.

அம்மையாரும் நீலியும்

நீலியை அம்மையாரின் அருகில் வைத்துப் பார்க்கும்போது உருவம் பற்றிய கேள்வி தெளிவாகிறது. பெரியபுராணத்தின்படி, புனிதவதியின் மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், கடல்வணிகம் செல்வதாகப் புறப்பட்டு, பாண்டிநாட்டில் வேறு பெண்ணை மணந்து வாழ்கிறான். உறவினர் புனிதவதியை அங்கே அழைத்துச் செல்லும்போது அவள் காலில் விழுந்து வணங்குகிறான். கணவனுக்காகத் தாங்கிய உடல் இனி வேண்டாம் என்று அவர் பேயுருவைக் கேட்டுப் பெறுகிறார்.

இரு கதைகளிலும் கணவன் வெளியூர் செல்கிறான், இரண்டாவது மணம் செய்கிறான், மனைவியைக் கண்டு அஞ்சுகிறான். இரு பெண்களும் பேயாகின்றனர். இருவரும் ஒரே ஊருக்கு வந்து சேர்கின்றனர். வேறுபாடு உருவத்தில் இல்லை, உருவம் வந்த வழியில் இருக்கிறது. அம்மையார் அழகைத் தானே கழற்றி எறிந்தார். அதன்பின் எந்த வேடமும் போடவில்லை. நீலியின் பேயுருவம் அவள்மேல் திணிக்கப்பட்டது. அதை மறைக்க அவள் வேடத்துக்கு மேல் வேடம் போட வேண்டியிருந்தது. அச்சமூட்டும் தோற்றத்துக்கு நிலையான அறப்பொருள் இல்லை என்பதை ஒரே ஊரின் இந்த இரு கதைகளும் காட்டுகின்றன. தோற்றத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதே அதற்குப் பொருள் தருகிறது.

நீலகேசி

ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி, ஆசிரியர் பெயர் தெரியாத சமண நூல். பௌத்த காவியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. பொதுவாக 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. பத்துச் சருக்கங்களும் 894 பாடல்களும் கொண்டது. வாமன முனிவர் இதற்குச் 'சமய திவாகரம்' என்ற உரையை எழுதினார். அ. சக்கரவர்த்தி 1936-ல் உரையுடன் பதிப்பித்தார்.

ஏற்கனவே மக்கள் அஞ்சிய ஒரு பாத்திரத்தை எடுத்துத் தன் கதைக்குத் தலைவியாக்கிய முதல் தமிழ் ஆசிரியர் இவர்தான். பாஞ்சால நாட்டுப் புண்டவர்த்தன நகரின் சுடுகாட்டில் உள்ள காளிக்கு உயிர்ப்பலி தர மக்கள் வருகின்றனர். அங்கே தங்கியிருக்கும் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், உயிருக்குப் பதிலாக மண்ணுருவங்களைப் படைக்கச் சொல்கிறார். பலி இழந்த காளி, முனிவரை விரட்ட ஆற்றல் போதாமல், தென்னாட்டுப் பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி முதலில் கோர உருவங்கள் காட்டி அச்சுறுத்துகிறாள். முனிவர் அசையவில்லை. பிறகு அரசகுமாரியின் வடிவில் வந்து மயக்க முயல்கிறாள். அதுவும் பலிக்கவில்லை. தோற்ற நீலி முனிவரிடம் அறம் கேட்டு மனம் மாறி, நாடெங்கும் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வைதிகர், பூதவாதிகள் எனப் பலரையும் வாதில் வெல்கிறாள்.

பழையனூர்க் கதையின் இரண்டு ஆயுதங்களான கோர உருவத்தையும் பெண்வேடத்தையும் ஆசிரியர் நன்றாக அறிந்திருக்கிறார். இரண்டையும் முதல் சருக்கத்திலேயே பயன்படுத்தித் தோற்கடிக்கிறார். இனி அவளுக்கு எஞ்சியிருப்பது அறிவும் பேச்சும் மட்டும். மன்றத்தில் பொய்வழக்கு நடத்தி வென்றவள், மன்றங்களில் தத்துவ வழக்கு நடத்தி வெல்பவளாகிறாள். நீலிக்கு எப்போதும் மன்றமே களம் என்பதை ஆசிரியர் கண்டுகொண்டது கூர்மையான வாசிப்பு.

இறுதிச் சருக்கமான பூதவாதத்தில் பழைய உருவம் ஒருமுறை திரும்புகிறது. ஐம்பூதங்களுக்கு அப்பால் உயிர் என்று ஒன்றில்லை என்று வாதிடுபவனுக்கு நீலகேசி தன் அச்சமூட்டும் உருவத்தைக் காட்டி நடுங்கவைக்கிறாள். பேய் இருப்பதே உயிர் இருப்பதற்குச் சான்றாகிறது. தோற்றம் இங்கே அலங்காரமாக இல்லாமல் வாதத்தின் ஓர் உறுப்பாக ஆகியிருக்கிறது. கொல்லாமையை ஏற்ற பிறகும் அவள் பழைய நீலியாகவே உள்ளே இருக்கிறாள் என்பதை வாசகருக்கு நினைவூட்டும் நல்ல இடம் இது.

ஆனால் ஆசிரியர் ஒன்றை விட்டுவிட்டார். நூலில் நீலி ஏன் பேயானாள் என்ற கதை இல்லை. கொலையுண்ட பெண் மறைந்து, பலி கேட்கும் ஊர்த்தெய்வம் மட்டும் எஞ்சுகிறது. அவள் எதிர்கொள்ளும் குண்டலகேசி, தன்னை மலையிலிருந்து தள்ளிக் கொல்லத் திட்டமிட்ட கணவனைத் தானே தள்ளிக் கொன்றவள். கணவனால் கொல்லப்பட்ட பெண்ணும், கணவனால் கொல்லப்படாமல் தப்பிய பெண்ணும் எதிரெதிரே நிற்கும் அரிய வாய்ப்பு நூலில் இருக்கிறது. காயத்தின் கதையை நீக்கிவிட்டதால் அந்தச் சந்திப்பு இரு சமயங்களின் வாதமாக மட்டும் முடிகிறது. நீலகேசி நாயகியாகிறாள், எதிர்நாயகியாக இருப்பதை இழக்கிறாள்.

தெற்கு வடிவம்

கன்னியாகுமரிப் பகுதியில் இக்கதை கள்ளியங்காட்டு நீலியின் கதையாக வழங்குகிறது. இங்கே கொலையுண்டவள் ஒரு தேவதாசி. தன்னிடம் பொருளையெல்லாம் இழந்து விரட்டப்பட்ட அந்தணன்மீது இரங்கி, நகைகளோடு அவன் பின்னே செல்கிறாள். அவன் மடியில் அவள் உறங்கும்போது கல்லால் அடித்துக் கொல்கிறான். சாகும்போது அருகிலிருந்த கள்ளிச்செடியைச் சாட்சி வைக்கிறாள். மறுபிறவியில் அந்தச் சாட்சிக் கள்ளியே அவள் இடுப்பில் குழந்தையாகிறது.

கதைக்கட்டின் நோக்கில் இது முக்கியமான திருத்தம். தொண்டைநாட்டு வடிவில் கள்ளிக் குழந்தை ஒரு மாய உத்தி. தெற்கு வடிவில் அது கொலையைக் கண்ட சாட்சி, மன்றத்துக்கு வந்து பேசுகிறது. ஊரார் பொய்ச் சாட்சி என்று நினைப்பது கதை கேட்பவருக்கு மெய்ச் சாட்சி. வில்லுப்பாட்டில் இதைக் கேட்பவர் மன்றத்தின் தரப்பிலும் நீலியின் தரப்பிலும் ஒரே நேரத்தில் நிற்க நேர்கிறது.

தெற்கில் நீலி இசக்கியம்மனாக வழிபாடும் பெற்றாள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இவ்வழிபாட்டின் புகழ்பெற்ற தலம். கையில் குழந்தையோடு இருக்கும் இசக்கியின் வடிவங்கள் இந்தக் கதையை நினைவில் வைத்திருக்கின்றன. கொல்லும் தெய்வத்திடம் பிள்ளைவரம் கேட்கும் பெண்களுக்கு அந்த உருவம் அச்சமும் அடைக்கலமும் ஆகிறது. வடக்கில் கொல்லப்பட்ட வேளாளர்களுக்கு நினைவிடம் எழுந்தது. தெற்கில் கொன்றவளுக்குக் கோயில் எழுந்தது.

திரைத்தொடரில் நீலி

கள்ளியங்காட்டு நீலி மலையாள வழக்கிலும் யட்சியாக அறியப்பட்டவள். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரோடு இணைத்து அங்கே பேசப்படுகிறாள். 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த 'லோகா: அத்தியாயம் 1 - சந்திரா' என்ற மலையாளத் திரைப்படம் இந்த நீலியை இன்றைய பெங்களூரில் மறைந்து வாழும் நாயகியாகக் காட்டியது. டொமினிக் அருண் இயக்கிய இப்படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நீலியாக நடித்தார். பல பாகங்கள் கொண்ட மிகுபுனைவுத் தொடரின் முதல் பாகமாக இது திட்டமிடப்பட்டது.

படத்தில் நீலி, அரச அதிகாரத்தால் ஒடுக்கப்பட்ட பழங்குடிச் சிறுமி. யட்சி என்று ஊர் அஞ்சியது அதிகாரத்தை எதிர்த்த ஒருத்தியைப் பற்றிய திரிந்த நினைவு என்று படம் சொல்கிறது. இது ஈர்ப்பான மறுவாசிப்பு. நீலகேசி விட்டுவிட்ட காயத்தை இப்படம் திரும்பக் கொண்டுவருகிறது. ஆனால் கணவனும் மன்றமும் எழுபது பேரும் இதில் இல்லை. நீலி கொல்பவர்கள் கொல்லப்பட வேண்டியவர்களாகவே இருக்கின்றனர். பார்வையாளர் எந்த இடத்திலும் அவளுக்கு எதிராக நிற்க வேண்டியதில்லை. தோற்றத்தில் எதிர்நாயகி, செயலில் நாயகி.

தொடர்கதைக்கு இது வசதியானது. பல பாகங்கள் நீடிக்க வேண்டிய பாத்திரத்தின்மேல் தீராத பழியைச் சுமத்த ஆசிரியர்கள் தயங்குவது இயல்பு. ஆனால் இன்றைய மிகுபுனைவுகளில் பல எதிர்நாயகர்கள் சிவந்த கண்ணும் கறுப்பு உடையும் தாண்டி நினைவில் நிற்காமல் போவதற்கும் இந்தத் தயக்கமே காரணம். அவர்களால் குற்றமற்ற எவரும் எதையும் இழப்பதில்லை.

நீலிக்கண்ணீர்

'நீலிக்கண்ணீர் வடிக்காதே' என்ற வழக்கு பொய்யழுகையைக் குறிக்கிறது. தமிழில் அது பெண்களை நோக்கியும் சொல்லப்படுகிறது. வழக்குச்சொல் கதையின் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. காட்டில் கொல்லப்பட்டபோது அவள் அழுத அழுகை அதில் இல்லை.

கதையும் இவ்வாறே ஒரு பாடமாகப் பயன்பட்டிருக்கிறது. முறையிட வரும் பெண்ணை நம்பினால் ஊர் அழியும் என்பது அந்தப் பாடம். கைவிட்ட கணவன்மீது வழக்குரைக்க மன்றம் ஏறும் எந்தப் பெண்ணும் இந்தச் சொல்லின் நிழலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் முழுக்கதை அந்தப் பாடத்துக்கு இடம் தருவதில்லை. முதல் பிறவியில் அவளுக்கு மன்றமே கிடைக்கவில்லை. கொலை காட்டில் நடந்தது, கொன்றவன் தண்டனையின்றி வாழ்ந்து முடித்தான். அன்று கேட்கப்படாத வழக்கே மறுபிறவியில் பொய்வடிவில் ஊருக்குள் வந்தது. எழுபது பேரின் சாவுக்கு அவர்கள் நம்பியது மட்டும் காரணமல்ல, முன்பு யாரும் விசாரிக்காததும் காரணம்.

அண்மைக்காலத்தில் இந்தப் பெயர் வேறு வகையிலும் எடுத்தாளப்படுகிறது. பெண்ணெழுத்துக்கான தமிழ் இணைய இதழொன்று 'நீலி' என்று பெயர் சூட்டிக்கொண்டுள்ளது. வசையாகிவிட்ட பெயரை விரும்பி ஏற்கும் செயல் இது.

இலக்கிய இடம்

நீலியை எடுத்தாண்ட ஒவ்வொருவரும் அவளிடமிருந்து ஒரு பகுதியைக் கழித்தனர். சைவ மரபு அவள் காயத்தைக் கழித்து வேளாளர் வாய்மையை வைத்துக்கொண்டது. நீலகேசி பழியைக் கழித்து வாதத்திறமையை வைத்துக்கொண்டது. திரைப்படம் குற்றத்தைக் கழித்துச் சீற்றத்தை வைத்துக்கொண்டது. இவற்றுள் கலைவெற்றியில் முன்னிற்பது நீலகேசி. தோற்றத்தை வாதமாக மாற்றிய துணிவு பின்னர் எவரிடமும் அந்த அளவுக்கு இல்லை.

ஆயினும் எதிர்நாயகி என்ற வகையில் முழுமையானவள் வாய்மொழிக் கதையின் நீலியே. அவள் கோபம் நியாயமானது. அவள் வழி பொய்யானது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் நல்லவர்கள். இந்த மூன்றில் எதையும் கதை விட்டுக்கொடுக்கவில்லை. கேட்பவர் அவளுக்காக வருந்தலாம், அவளிடம் அஞ்சலாம், ஆனால் அவளை மன்னிக்கவோ தண்டிக்கவோ கதை இடம் தருவதில்லை. செட்டியைக் கொன்ற பிறகு அவள் என்ன ஆனாள் என்பதைவிட, எழுபது பேர் தீயில் இறங்கியதையே பழையனூர் நினைவில் வைத்திருக்கிறது. ஆலங்காட்டில் காளிக்குச் சன்னதி உண்டு, அம்மையாருக்கு இறைவனின் காலடி உண்டு. நீலிக்கு ஊர் தந்தது அந்தத் தீயின் நினைவு மட்டுமே.